வணக்கம் சொல்லக்கூடாத நாள்

22 யூலை 2024, திங்கள்

கலியாணக் கார்ட் பெட்டி வந்துவிட்டது. வந்தது என்றால் எங்கள் வீட்டுக்கு இல்லை, மூன்று தெரு தள்ளியிருக்கிற சிகரெட் கடைக்கு. வீட்டில் ஒருவரும் இல்லை என்று பார்சல்காரன் கடுதாசி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். நான் வீட்டில்தான் இருந்தேன், சோபாவில், வாயைத் திறந்தபடி. பெல் அடிக்க விரல் இல்லாதவனையெல்லாம் எப்படி வேலைக்கு எடுக்கிறார்கள் என்று பெண்சாதி சுகன்யாவிடம் கேட்டேன்.

"பெல் வேலை செய்தாலெல்லோ அடிக்கிறதுக்கு" என்றாள்.

அது வேறு விஷயம்.

முந்நூறு கார்ட். மகள் தக்சாயினிக்கும் லக்ஸனுக்கும் செப்ரெம்பர் எட்டாம் திகதி. ஆடி முடியுமட்டும் ஒரு கார்டும் வாசல் தாண்டக்கூடாது என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லிவிட்டா. ஆகவே ஆவணி முதலாம் நாள், ஓகஸ்ட் பதினேழு, முதல் கார்ட்.

முதல் கார்ட் ஆருக்கு என்று நான் கேட்கவில்லை. சுகன்யாவும் சொல்லவில்லை. அவளுக்கு இருக்கிறது ஒரே அண்ணன். கனகலிங்கம் மச்சான். டோர்ட்மண்டில் இருக்கிறார். நாங்கள் இருக்கிற எசனிலிருந்து ரெயினில் அரை மணித்தியாலம். எட்டு வருசமாக நான் ஏறாத ரெயின்.

24 யூலை, புதன்

மகள் வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா வராட்டி நான் மணவறையிலை இருக்கமாட்டன். நீங்கள் போய்க் கூப்பிடவேணும். அம்மா இல்லை. நீங்கள்."

நான் சரித்திரத்தைச் சொன்னேன். 2016 இல் மச்சான் தன் மகள் கிருசாந்தி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு எங்களுக்கு, கூடப்பிறந்த தங்கச்சிக்கு, கார்டைத் தபாலில் போட்டார். முத்திரை ஒட்டி. பல் வைத்தியர் நினைவூட்டல் அனுப்புகிற மாதிரி. மானமுள்ள மனிசன் போவானோ? போகவில்லை. சுகன்யாவையும் விடவில்லை.

"மாமி செத்த நேரம்?" என்றாள். "ஹோல் ஜன்னலாலை பாத்தனான். நீங்கள் கார் பார்க்கிங்கிலை இருந்தனீங்கள். காருக்குள்ளை. கச்சான் சாப்பிட்டுக்கொண்டு."

"கச்சான் இல்லை. கஜு" என்றேன்.

நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் உள்ள வித்தியாசம். அதைத்தான் சொல்ல வந்தது எனக்கு. அவள் போய்விட்டாள்.

செத்தவீட்டுக்கு ஆரும் கார்ட் குடுக்கிறேல்லை. கையிலை தந்தவை, தபாலிலை போட்டவை எண்டு பாக்கிறதுக்கு அங்கை ஒண்டும் இல்லை. கேள்விப்பட்டால் போறதுதானே? பிறகென்னத்துக்கு நான் காருக்குள்ளை இருந்தனான்?

5 ஓகஸ்ட், திங்கள்

இன்றிலிருந்து ஒன்பது நாள் குசினியில் இறைச்சி இல்லை. வேலைக் குசினியைச் சொல்கிறேன். யூத முதியோர் இல்லத்தில் பதினோரு வருசமாகச் சமையல். வெங்காயம் உரிக்கத் தொடங்கி, இப்போது வெங்காயம் உரிக்கிறவர்களை மேய்க்கிற நிலைக்கு உயர்ந்திருக்கிறேன்.

சட்டப்படி சமைக்கிறோமா என்று பார்ப்பதற்கு யோனா என்று ஒரு பொடியன் இருக்கிறான். இருபத்தேழு வயது. அவன் என்னை மரியாதையாக "ஹேர் ஐங்கரன்" என்பான். நான் "தம்பி" என்பேன். அது ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

வழக்கமாக இந்த நேரம் நான் லீவில் நிற்பேன். இந்த வருசம் லீவைக் கலியாணத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு காலமும் கேட்காததைக் கேட்டேன். ஏன் தம்பி இறைச்சி இல்லை?

ஜெருசலேமில் அவர்களுக்கு இருந்த பெருங்கோயில் இரண்டு தரம் அழிந்ததாம். இரண்டும் ஆவ் என்கிற இந்த மாதத்தின் ஒன்பதாம் நாள். அதற்குத்தான் துக்கம். அன்றைக்குப் பெரிய விரதம். இரண்டாம் தரம் அழிந்ததற்குக் காரணம், சனம் காரணமில்லாமல் ஒருவரையொருவர் வெறுத்ததாம். விருந்து அழைப்பு ஒன்று ஆள் மாறிப் போனதில்தான் எல்லாம் தொடங்கியது என்று பழைய ஆட்கள் சொல்வார்களாம்.

"அழைப்போ?" என்றேன்.

"அழைப்புத்தான்" என்றான்.

கழுவின பருப்பை இன்னும் இரண்டு தரம் கழுவினேன்.

ஆனால் எங்கள் ஆட்களை இதில் சேர்க்கக்கூடாது. நாங்கள் காரணம் வைத்துத்தான் வெறுப்போம். திகதியோடு சொல்வோம். கோயில் போனதற்கு இரண்டாயிரம் வருசமாக அழுகிற சனம் அந்தப் பக்கம். சண்டை வந்தால் இன்னொரு கோயில் திறக்கிற சனம் இந்தப் பக்கம். எங்கள் ஊர்ச் சனத்துக்கு மட்டும் இங்கே மூன்று. ஒன்றுக்கு நான் உபசெயலாளர். மற்றதுக்கு மச்சான் தலைவர். மூன்றாவது, எங்கள் இரண்டு பேரோடும் கோபித்தவர்களுக்கு.

9 ஓகஸ்ட், வெள்ளி

யோனா குளிர்பெட்டியில் சட்டத்தை ஒட்டியிருக்கிறான். திங்கள் சூரியன் விழுந்ததிலிருந்து செவ்வாய் இருட்டி வானத்தில் வெள்ளி தெரியுமட்டும் சாப்பாடு இல்லை, தண்ணீரும் இல்லை. எங்கள் விரதம் மாதிரிப் பால், பழம், ரொட்டி, நெய் போட்ட அவல் என்று பின்கதவு ஒன்றும் இல்லை. நான் கந்தசட்டி பிடித்து இரண்டு கிலோ கூடினவன். குளிப்பு இல்லை, விரல் நுனி மட்டும் கழுவலாம். எண்ணெய், கிறீம் இல்லை. தோல் சப்பாத்து இல்லை. மத்தியானம் வரைக்கும் கதிரையில் இருக்கக்கூடாது, நிலத்தில் அல்லது ஒரு சாண் உயர முக்காலியில் இருக்கவேண்டும். புருசன் பெண்சாதி தள்ளி இருக்கவேண்டும் (இந்த இடத்தில் யோனா இருமினான்). வேதம் படிக்கவும் கூடாது, படித்தால் மனம் சந்தோசப்படுமாம். இது எனக்குப் புதுசு. நான் ஓ.எல். சோதனை இரண்டு தரம் எடுத்தவன். இரண்டு தரமும் துக்கம்தான்.

வருத்தக்காரர் சாப்பிடவேண்டும். வைத்தியர் சாப்பிடச் சொன்னவர் சாப்பிடாமல் இருந்தால் அதுதான் சட்டத்தை மீறுவதாம். ஆகவே எனக்கு வேலை உண்டு.

கடைசி வரி: ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லக்கூடாது.

இது எங்கடை செத்தவீடு. வாசலில் ஆரும் 'வாங்கோ' என்று சொல்வதில்லை. போகிறவன் 'போட்டு வாறன்' சொல்லாமல் இறங்கவேண்டும். இதை ஆரும் எனக்கு ஜேர்மன் பாஷையில் எழுதி ஒட்டத் தேவையில்லை. எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் காருக்குள்ளை இருந்தனான்.

12 ஓகஸ்ட், திங்கள்

விரதம் தொடங்க முதல் கடைசிச் சாப்பாடு: பாண், அவித்த முட்டை, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சாம்பல். சாம்பலுக்கு ஒழுங்கு செய்ய ஏலுமோ என்று யோனா வெள்ளிக்கிழமையே கேட்டிருந்தான். இதுகூட ஏலாதோ? வீட்டிலிருந்து கொண்டுபோய், சின்னக் கிண்ணத்தில் கூம்பாக அழுத்தி, முட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். பார்க்க நல்ல வடிவு.

யோனா மணந்து பார்த்தான். "இது என்ன சாம்பல், ஹேர் ஐங்கரன்?"

"ஆகத் திறமானது, தம்பி. கதிர்காமத்துத் திருநீறு."

எது, எங்கிருந்து, எதற்கு என்று விளங்கப்படுத்தினேன். அவன் முகம் மெல்ல மெல்ல வெள்ளையாகி, திருநீற்றின் நிறத்துக்கே வந்துவிட்டது. ஆனால் கோபிக்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் தந்தான். "இது உங்கள் கடவுளுக்கு உரியது. எங்களுக்குத் தேவை ஒருவருக்கும் உரியதல்லாத சாம்பல்" என்றான்.

பின்முற்றத்தில் போன மாதத்துச் சாப்பாட்டு அட்டவணையைக் கொளுத்தினோம். கோழி சூப்பும் மாட்டிறைச்சிக் கட்லட்டும் எரிந்து ஒரு தேக்கரண்டி சாம்பலாயின. மேல்மாடியிலிருந்து பராமரிப்பாளர் கத்தினார். யோனா பதிலுக்குக் கத்தினான். துக்கம் இன்னும் தொடங்கவில்லைத்தானே.

வீட்டுக்கு வந்து, நானும் விரதம் பிடிக்கப்போறன் என்று அறிவித்தேன்.

"நீங்களோ?" என்றாள் சுகன்யா. சிரித்துச் சிரித்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்.

13 ஓகஸ்ட், செவ்வாய். மத்தியானம், குசினிப் பின்கதவடி

காலையில் உள்ளே போனதும் வழக்கம்போல, "குட்டன் மோர்கன் ஃப்ராவ் ரைசா, சாப்பிட்டியளோ?" என்று கேட்டுவிட்டேன். எண்பத்தெட்டு வயது மனிசி, முக்காலியில் இருக்கிறா. விரத நாளில் சாப்பிட்டியளோ! அவ அண்ணாந்து பார்த்து, காதில் விழாத குரலில், "மோர்கன்" என்றா.

ஓடிப்போய் யோனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிழையில்லையாம். அறியாதவன் வணக்கம் சொன்னால் மெல்லிய குரலில் பதில் சொல்லலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். இத்தனை நூற்றாண்டுப் பழைய சட்டத்தில் எனக்கென்று ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள்.

பதினொரு மணிக்கு வருத்தக்காரரின் சூப்பில் உப்புப் பார்த்துவிட்டேன். கை தானாகப் போனது. இருந்தாலும் விடாமல் பிடிக்கிறேன்.

இடைவேளையில் அவர்களோடு முக்காலியில் இருந்தேன். வருகிறவர்கள் பேசாமல் வந்து இருக்கிறார்கள். ஒருவரும் குறை நினைக்கவில்லை. எனக்கும் மச்சானுக்கும் இருந்த சிக்கல் என்ன? முதலில் ஆர் வாய் திறக்கிறது. இண்டைக்குச் சட்டப்படி ஆரும் திறக்கக்கூடாது. இப்படி ஒரு நாள் இனி அடுத்த வருசம்தான்.

கார்ட் கொண்டுபோக ஏலாது. ஆடி. அதிலும் துக்க நாள். அப்ப என்னத்துக்குப் போறன்? தெரியேல்லை. செத்தவீட்டுக்கு வெறுங்கையோடைதானே போறது.

மூன்று இருபதுக்கு ரெயின்.

14 ஓகஸ்ட், புதன்

மச்சான் கதவைத் திறந்தார். மெலிந்துவிட்டார். என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். குசினியில் போடுகிற வெள்ளை ரப்பர் செருப்போடு போயிருந்தேன். 'வாரும்' என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. உள்ளே போனார். நான் பின்னால் போனேன்.

சப்பாத்துப் போடுகிறபோது இருக்கிற குட்டி முக்காலி ஒன்று நடையில் கிடந்தது. அதைத் தூக்கிப்போய், செத்துப்போன அவர் பெண்சாதி புஷ்பராணி அக்காவின் படத்துக்கு முன்னால் வைத்து இருந்தேன். ரீவியில் யாரோ ஒரு மாமியார் கத்திக்கொண்டிருந்தா. மச்சான் அவவை நிறுத்தினார். பிறகு மணிக்கூட்டுச் சத்தம் மட்டும். நாற்பது நிமிசம். என் முழங்கால் இருபதிலேயே போய்விட்டது.

"சாப்பிட்டனீரோ?"

எங்கள் ஆட்களுக்கு வேறு வணக்கம் தெரியாது.

"இல்லை. விரதம்."

"செவ்வாய்க்கிழமை என்ன காணும் விரதம்?"

"யூதற்றை."

"நீர் எப்ப யூதனானீர்?"

"ஆகேல்லை. குசினியிலைதான் நிக்கிறன்."

எல்லாம் சொன்னேன், திருநீற்றுக் கதை உட்பட. முழுக்கக் கேட்டுவிட்டு, "சண்டையாலை கோயில் அழியுமெண்டால், எங்கடை மூண்டும் என்னெண்டு காணும் இன்னும் நிக்குது?" என்றார்.

"காப்புறுதி" என்றேன்.

மூக்கால் சிரித்தார். அந்தத் துணிவில் சொன்னேன். "அக்காவின்ரை செத்தவீட்டுக்கு வந்தனான். கார் பார்க்கிங் மட்டும்."

"தெரியும். கிருசாந்தி பாத்தவள். கச்சான் சாப்பிட்டனீராம்."

இந்த முறை நான் திருத்தவில்லை.

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தச் சாமத்தியவீட்டுக்குச் சொல்ல ரெண்டு தரம் வந்தனாங்கள் காணும், நானும் இவவும். தட்டத்திலை வெத்திலை பாக்கோடை. அடிச்சு அடிச்சு விரல் நொந்தது. மேலை உம்மடை ஜன்னல் திறந்து கிடக்குது. வேணுமெண்டுதான் திறக்கிறியள் இல்லையெண்டு நான் வெளிக்கிட்டிட்டன். இவதான், தங்கச்சி பாவம், தபாலிலையெண்டாலும் போடுவமெண்டு விலாசம் எழுதினவ."

பெல்.

அந்த நேரம் எனக்கு அதிகாலை வேலை, பகல் நித்திரை. பக்கத்து வீட்டுப் பார்சலுக்கெல்லாம் என்னை எழுப்புகிறார்கள் என்று பெல் வயரைக் கழற்றினது நான். நானேதான். இண்டைக்கு வரைக்கும் திரும்பப் பூட்டேல்லை.

சொன்னேன். என்ன செய்வது, சொல்லத்தானே வேண்டும்.

"வயர் ஒண்டு?" என்றார்.

"ஓம்."

"எட்டு வருசம்?"

"ஓம்."

நான் முக்காலியில் இன்னும் குறுகினேன்.

"விசரன்" என்றார். மெல்லிய குரலில்தான். அறியாதவனுக்குச் சொல்லுகிற மாதிரி.

தேத்தண்ணி போட்டு வந்தார். வெள்ளி தெரியவேண்டும் என்றேன். வானம் முழுக்க மேகம். யோனாவுக்கு எழுதிக் கேட்டேன். 21.44 என்று பதில் வந்தது. மச்சான் தன் கோப்பையையும் தட்டால் மூடி வைத்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு என்னோடு இருந்தார். இரண்டு கோப்பையும் ஆறிப்போய், திரும்பச் சூடாக்கிக் குடித்தோம். பாணும் சம்பலும். சம்பலில் உப்புக் கூடியிருந்தது. நல்லாயிருக்கு என்றேன்.

எழும்பினேன். செத்தவீட்டு முறைப்படி, ஒன்றும் சொல்லாமல் செருப்பைப் போட்டு, இரண்டு படி இறங்கிவிட்டேன்.

"என்ன காணும், சொல்லாமல் போறீர்?"

"செத்தவீடெல்லோ."

"மூண்டு வருசமாகப் போகுது. முடிஞ்சுது அது." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒழுங்காச் சொல்லிப்போட்டுப் போம்."

"போட்டு வாறன், மச்சான்."

சொல்லிவிட்டு இறங்கினேன். ரப்பர் செருப்பு படியெல்லாம் கீச்சுக் கீச்சென்று கத்தியது.

15 ஓகஸ்ட், வியாழன்

பெல் வயரைப் பூட்டினேன். நாலு நிமிச வேலை.

17 ஓகஸ்ட், சனி. ஆவணி ஒன்று

முதல் கார்ட். சுகன்யாவும் நானும், தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு. இந்த முறை தோல் சப்பாத்து. அண்ணனும் தங்கச்சியும் ஒரு மணித்தியாலம் அழுதார்கள். எனக்கு வேலை இல்லாததால் சம்பலைச் சாப்பிட்டேன். மச்சான் கார்டை வாசித்து முடித்து, ஹோல் சரியில்லை, சாப்பாட்டுக்காரன் சரியில்லை, ஐயர் அந்த மற்றக் கோயில் ஐயர் என்று மூன்று குறை சொன்னார். மகளுக்கு உடனே போன் எடுத்துச் சொன்னேன். "அப்ப மாமா வாறார்" என்றாள்.

18 ஓகஸ்ட், ஞாயிறு

காலை ஆறரைக்குப் பெல். திடுக்கிட்டு எழும்பினேன். எட்டு வருசமாகக் கேட்காத சத்தம், நெருப்பு எச்சரிக்கை என்று நினைத்துவிட்டேன். திரும்ப அடித்தது. திரும்பவும். சாரத்தைக் கட்டிக்கொண்டு கீழே ஓடினேன், ஏழு தரம் ஆகிவிட்டது.

வாசலில் மச்சான், விரலைப் பெல்லில் வைத்தபடி.

"என்ன மச்சான், விடியக் காலமை?"

"ஒண்டுமில்லை" என்றார். "வேலை செய்யுதோ எண்டு பாத்தன்."

எட்டாம் தரமும் அடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.