சாலோமி அவயம் வைத்த முட்டைகள்

1912 அக்டோபர் 15, செவ்வாய்

இன்று சாயங்காலம் சாலோமியின் சேலையைக் கட்டிக்கொண்டு கோழி அடைத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில், இத்தனை பெரிய மீசையோடு, கோயில் மணி அடிக்கிற கையால் கொசுவம் வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வேறு என்ன செய்ய? போன வியாழக்கிழமை அவளை அடக்கம் பண்ணினோம். அன்றிலிருந்து ஒரு கோழியும் என் பேச்சுக்குப் பஞ்சாரத்துக்குள் போகவில்லை. குருணை போட்டால் தின்கின்றன. பொழுது சாய்ந்ததும் எல்லாம் புறவாசல் படிக்கு முன்னால் வந்து கூடி நின்று கதவையே பார்க்கின்றன. அந்தப் படியில் நின்றுதான் அவள் ‘பா... பா...’ என்று கூப்பிடுவாள். நானும் அதே படியில் நின்று பார்த்தேன். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்க்கின்றன. நேற்று நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

சேலையைக் கண்டதும் ஓடி வந்தன. புள்ளிப்பெட்டை மட்டும் கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு அதுவாக உள்ளே போயிற்று.

சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். இனிமேல் வேண்டாம்.

அக்டோபர் 16

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஹெப்சிபா வந்தாள். சாலோமியின் தங்கை. கண்கள் அக்காளுக்கு இருந்தது போலவே. அதனால் நான் தரையைப் பார்த்துத்தான் பேசினேன்.

“அத்தான், ஆம்பளை ஒத்தையில இருந்து கோழி வளக்க முடியுமா? எல்லாத்தையும் நான் கொண்டு போயிருதேன். அக்கா வளத்த கோழி கீரி வாயில போறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது.”

“என்னையும் சேத்துக் கொண்டு போயேன்ட்டி. நானும் குருணைதான் திங்கேன். முட்டை மட்டும் கேக்காத.”

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் கோழி மூக்கு மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அடுக்களை மூலையில் ஓலைக் கடகத்தில் கறுப்பிக்கோழி அவயத்தில் உட்கார்ந்து அடைகாக்கிறது. கீழே பதினோரு முட்டை. காய்ச்சல் காண்பதற்கு முந்தின சனிக்கிழமை சாலோமி ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்தது. அந்தக் கை கடைசியாகச் செய்த வேலை அதுதான். இதை ஹெப்சிபாவிடம் சொல்லவில்லை. “இந்த அவயம் பொரிக்கட்டும். பொரிக்கலேன்னா அத்தனையும் உனக்கு” என்றேன். வருகிற ஞாயிறு போக அதற்கடுத்த ஞாயிறு கூடையோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பொரிக்காவிட்டால்? வீட்டில் அவள் தொட்டு வைத்த உயிர் ஒன்றும் இருக்காது.

அக்டோபர் 17

உபதேசியார் சுவிசேஷமுத்து ஆறுதல் ஜெபம் பண்ண வந்தார். கறுப்பி இரை எடுக்க எழுந்திருந்த நேரம். கடகத்துக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார். முட்டைகளுக்கு நடுவில் ஒரு துண்டு அடுப்புக்கரி, ஒரு பழைய மாட்டு லாடம்.

“என்ன வே கோயில்பிள்ளை இது? இடிச் சத்தத்துக்குப் பயந்து இரும்பும் கரியும் வச்சிருக்கீரு. ஊருக்கெல்லாம் ஆராதனை மணி அடிக்குத ஆளு வீட்டுலயே அஞ்ஞானமா?”

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சாலோமி வேதப்பாடத்தில் பரிசு வாங்கினவள். இத்தனை வருஷத்தில் என்னிடம் மூச்சு விட்டதில்லை.

“இடிக்கு இல்ல ஐயா, கோழிக்கு லாடம் அடிக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தா” என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெட்கம் தாங்காமல் அவர் கண் முன்னாலேயே இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் எறிந்தேன். நீளமாக ஜெபம் பண்ணினார்.

கறுப்பி திரும்பி வந்து கடகத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது. என்ன காணோம் என்று தேடுகிற மாதிரி. எனக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவுதான்.

அக்டோபர் 18

மேற்கே மலைப் பக்கம் இடி. தூரத்தில்தான். கறுப்பி தலையைத் தூக்கிற்று. நானும் தூக்கினேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு மைதீன் பாத்திமா. அவளும் கோழி வளர்க்கிறவள். லாடத்தை எறிந்த கதையைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

“என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டிய? இடி இடிச்சா முட்டைக்குள்ள இருக்க குஞ்சு செத்துரும். சாலோமி அக்கா எங்கிட்ட கேட்டுத்தான் அந்த லாடத்தை வாங்கிட்டுப் போனா. அவர்கிட்ட சொல்லிராத, கிண்டல் பண்ணியே கொன்னுருவாருன்னு சொன்னா.”

அதனால்தான் சொல்லவில்லையா?

மத்தியானம் வாய்க்காலில் இறங்கிச் சேற்றைத் துழாவினேன். லாடம் அகப்படவில்லை. ஒரு நண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டது. உதறிக்கொண்டு ஆடினேன். சாலோமி பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். சிரித்தாள் – கேட்டது. கரையில் யாரும் இல்லை.

அக்டோபர் 21

இன்று பொழுது சாய்கிற நேரம். குருணை எடுத்துக்கொண்டு புறவாசலுக்கு வந்தேன். ‘பா... பா...’ சாலோமி குரல். முதல் எழுத்தை அழுத்தி, பிறகு இழுத்து – அவள்தான், வேறு யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கோழிகள் நாலு பக்கமும் இருந்து பறந்து வந்தன. நேரே பஞ்சாரத்துக்குள் போயின. நான் குருணையைக் கீழே கொட்டிவிட்டேன்.

அக்டோபர் 22

இன்றும்.

அக்டோபர் 23

பொறுக்க முடியவில்லை. வேலி ஓரம் போய் மைதீன் பாத்திமாவிடம் கேட்டேன் – சாயங்காலம் ஏதாவது சத்தம் கேட்டதா என்று.

“கேட்டுச்சே அண்ணாச்சி. நேத்தும் கேட்டுச்சு. எங்க வீட்டுக் கோழிகூட வேலியைத் தாண்டி ஓடிருச்சு.”

“யார் கூப்பிட்டது?” என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “என்ன கேக்குதிய? நீங்கதான். படியில நின்னு கூப்பிட்டிய. அக்கா குரல் மாதிரியே, அதே இழுப்பு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.”

நானா? என் வாயா? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே. என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாளா? ஊராரை எல்லாம் மாதிரி பேசிக்காட்டிக் கேலி பண்ணித் திரிந்தவன் நான். அவளை மட்டும் ஒரு நாளும் பேசிக்காட்டியதில்லை. வராது என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 24

மைதீன் பாத்திமா சொல்லித் தந்தபடி, வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டைகளை மெல்ல விட்டுப் பார்த்தேன். உள்ளே உயிர் இருந்தால் முட்டை தானாக ஆடுமாம். முதல் முட்டை ஆடவில்லை. இரண்டாவதும் இல்லை. நான் கையை எடுத்ததில் தண்ணீர்தான் ஆடியது. மூன்றாவது சட்டென்று துள்ளியது. பயந்து கையை எடுத்துவிட்டேன், நண்டு ஞாபகம்.

ஏழு ஆடின. நாலு ஆடவில்லை. அன்றைக்கு மலைப் பக்கம் கேட்ட இடியாலா? ஆரம்பத்திலேயே கரு இல்லாததா? கறுப்பிக்குத் தெரிந்தாலும் சொல்லாது. எறிய மனசு வராமல் பதினொன்றையும் துடைத்துத் திரும்ப வைத்தேன்.

அக்டோபர் 26, சனி

காலையில் ஒரு முட்டையில் கீறல் விட்டிருந்தது. காதை வைத்தால் உள்ளே சிணுங்கல். மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தது. இடி தூரத்தில் இல்லை, தலைக்கு மேலே. ஓடு அதிர்ந்தது. ஒவ்வொரு இடிக்கும் சிணுங்கல் நின்றது. நிற்கிறபோது என் மூச்சும் நின்றது.

வீட்டில் இரும்பு தேடினேன். அரிவாள் வைத்தால் குஞ்சின் காலை அறுக்கும். இடுப்பில் கோயில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாண் நீளம், நல்ல கனம். வைக்கோலுக்குள் முட்டைகளுக்கு அடியில் செருகிவிட்டேன். அஞ்ஞானம்தான். ஆண்டவர் அறிவார். அவளும் அறிவாள். உபதேசியார் அறிய வேண்டாம்.

பக்கத்திலேயே உட்கார்ந்து ‘பா... பா...’ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் குரலில்தான். இந்தத் தடவை நான்தான் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். நிறுத்தவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

விடிந்து பார்த்தால் கறுப்பியின் சிறகுக்கு வெளியே நாலு தலை. சாவி எடுக்கக் கையை விட்டேன், கொத்திவிட்டது. அதற்குள் ஹெப்சிபா கூடையோடு வந்துவிட்டாள். கடகத்துக்கு முன்னால் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அக்கா வச்சதுதானே?” என்றாள். நான் சொல்லாமலே.

“ஆமா.”

மறுபடியும் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள். “பொரிக்குத நேரத்துல கையை விடாதிய அத்தான். குஞ்சு நசுங்கிரும். அப்படி என்ன அவசரம்?”

“கறுப்பிக்கு இன்னும் கோவம் இருக்கான்னு பாத்தேன்” என்றேன்.

ஆறு குஞ்சு. ஏழாவது ஓட்டுக்குள்ளேயே போய்விட்டது. ஹெப்சிபா வெறுங்கூடையோடு ஊருக்குப் போனாள்.

இன்று நற்கருணை ஆராதனை. நற்கருணை கொடுக்கிற பாதிரி ஐயர் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். மணி வெளியே தொங்குகிறது; முதல் மணி அடித்தேன். இரண்டாம் மணியும் அடித்தேன். சபையார் எல்லாரும் வந்து பூட்டின கதவுக்கு முன்னால் நின்றார்கள். “சாவி எங்க வே?” என்றார் உபதேசியார். வீட்டில் இருக்கிறது என்றேன். “போய் எடுத்துட்டு வாரும்” என்றார். இப்போது எடுக்க முடியாது என்றேன். ஆராதனை வேப்பமரத்தடியில் நடந்தது. முதல் ஞானப்பாட்டு முடிகிற சமயம் மழை வந்தது. ஐயர் பிரசங்கத்தைச் சுருக்கவில்லை.