செல்வியின் ரேகை

கார்த்திகை 9, செவ்வாய் இரவு

இன்று ரேஷன் கடையில் என் கட்டைவிரல் ரேகையை எந்திரம் எடுக்கவே இல்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தேன்.

“இன்னாக்கா, கை இவ்ளோ வழவழன்னு கீது? புளி ஒடைக்கிற கை மாரியே இல்லியே” என்றார் கடைக்காரர்.

தினமும் சாமை மாவும் மலைத்தேனும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்து முகத்துக்கும் கைக்கும் பூசுகிறேன். என் வீட்டுக்காரரே குழைத்துத் தருவார். அவருடைய முதல் சம்சாரம் செல்வி இதைத்தான் பூசுவாளாம். அவள் செத்த பிறகும் ரேஷன் அட்டையில் அவள் பெயரை அவர் எடுக்கவில்லை.

கடைக்காரர் எந்திரத்தின் திரையில் கை தவறி அந்தப் பெயரைத் தொட்டுவிட்டார். நான் விரலை எடுப்பதற்குள் பச்சை விளக்கு எரிந்து, செல்வி பெயரில் பில் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கை வந்துட்ச்சி. மூஞ்சி வர்றதுக்கு இன்னும் கொஞ்ச நாளாவும்” என்றார்.

இப்போது சமையலறையில் கிண்ணத்தில் கரண்டி உரசுகிறது. வழக்கத்தை விட வெகுநேரம் குழைக்கிறார்.