முப்பது கிலோமீட்டர் ஏறி இறங்கிய நாலு முட்டை

என் சரசு நங்கையாவுக்கு, பாதிக் கோபத்தோடும் மீதி அத்தனையும் அன்போடும் பூங்கொடி எழுதுகிறேன்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். மாசி மாதம் ரெண்டாவது பலூனை விட்டுவிட்டேன். ஆமாம், நீங்கள் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. வருசம் திரும்பவில்லை, வீட்டில் தீட்டு, வேண்டவே வேண்டாம் என்று சொந்தபந்தம் மொத்தமும் வந்து சொல்லிவிட்டுப் போனது. உங்கள் தம்பி மூன்று நாள் என் கையால் டீ வாங்கிக் குடிக்கவில்லை. அப்படியும் விட்டேன்.

இது உங்களுக்கான கடிதம்தான். ஆனால் நாலு பேர் படிக்கட்டும் என்றே ஊரறிய எழுதுகிறேன். அவர்களுக்காக ஒரு வார்த்தை: கணவரின் அக்காவை நான் நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். நானும் என் நங்கையாவும் நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை பார்த்தோம், ஓய்ந்த நேரத்தில் வானத்துக்குப் பலூன் விட்டோம். திருவிழாவில் விற்கிற பலூன் இல்லை. விமானம் போகிற உயரத்தைப்போல மூன்று மடங்கு ஏறி, அங்கே வெடித்து, தன்னோடு கட்டியிருக்கும் தெர்மோகோல் பெட்டியைச் சின்னப் பாராசூட்டில் இறக்கிவிடுகிற பலூன். பெட்டிக்குள் கேமரா, குளிரையும் உயரத்தையும் குறித்துவைக்க ஒரு சின்னக் கருவி, விழுந்த இடத்தைச் சொல்ல ஒரு ஜிபிஎஸ். முறைப்படி எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கி, குறித்துக் கொடுத்த நாளில்தான் விட்டோம். திருட்டு வேலை ஒன்றும் இல்லை.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். வானிலைக்காரர்கள் விட்ட பலூன் ஒன்றின் பெட்டி நம் ரெண்டாம் ஷெட்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்ததே, அதில்தான். நான் பயந்துபோய் ரெண்டடி பின்னால் நகர்ந்தேன். நீங்கள் கையில் எடுத்து ஆட்டிப்பார்த்துவிட்டு, "அம்மிணி, இது அத்தன ஒசரம் போயிட்டு வந்திருக்குது. நாம அனுப்பினா ஆகாதா?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான். அதன் பிறகு ஆறு மாதம் நாம் ரெண்டு பேரும் சண்டை போடாத நாள் இல்லை. பாராசூட்டுக்குக் குடைத்துணியா, பட்டுத்துணியா என்று ரெண்டு நாள் பேசாமல் இருந்தோமே!

முதல் பலூன் நன்றாகத்தான் போனது, நன்றாகத்தான் இறங்கியது. ஆனால் மேலே போன குளிரில் பேட்டரி செத்து, கேமரா பாதி வழியிலேயே அணைந்துவிட்டது. நீங்கள் பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அந்த உயரத்தில் பட்டப்பகலிலேயே வானம் கறுப்பாக இருக்குமாமே, அதை. நம் படத்தில் நீலம் கருநீலமாகிற இடத்தோடு எல்லாம் நின்றுபோனது. அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே குஞ்சு ஷெட்டில் நின்றுகொண்டு நீங்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. "நாமக்கல்லுல இருந்துக்கிட்டுச் சூட்டுக்கு எங்கீங்க போறது? நாலு முட்டைய நல்லா அவிச்சு, சுடச்சுடப் பேட்டரிக்குப் பக்கத்துல வெச்சுக் கட்டுனா ஆகாதா?" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் பெட்டிக்குள் வைத்து, ஐஸ் பெட்டிக்குள் அந்தப் பெட்டியை வைத்துப் பார்த்தோம். ரெண்டு மணி நேரம் பேட்டரி சாகவில்லை. ரெண்டாவது பலூனுக்கு நாள் கேட்டு எழுதிப்போட்டீர்கள். பதில் வருவதற்குள் மார்கழி வந்தது, ஒரு காலையில் தீவனம் அளந்துகொண்டிருந்தபோதே நீங்கள் சாய்ந்துவிட்டீர்கள்.

இதயத்தில் அடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை யார் படித்தார்கள்? சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்பி வருவதற்குள் உங்கள் சின்னம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"பொம்பள வானத்தக் குத்திப் பாத்தா அது சும்மா உடுமா? மேல இருக்கறவன் கண்ணுல பட்டுட்டா. எடுத்துக்கிட்டான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். கடைசியில் உங்கள் தம்பியும் சொன்னார். "அக்காளுக்கு எழுதினது அவ்வளவுதான் பூங்கொடி. இதோட அந்தப் பலூனைத் தலைமுழுகு. அடுத்து இந்த ஊட்டுல ஆருக்கு எழுதியிருக்குதோ." அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் உண்மையாகவே நம்பிவிட்டார், நங்கையா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊர் சொன்னால் போகட்டும் என்று விடலாம். கூடப் படுத்து எழுகிற மனுசன் நம்பினால் என்ன செய்வது?

அனுமதிக் கடிதம் வந்ததும் முடிவு பண்ணிவிட்டேன். மேலே எவன் இருக்கிறான் என்று கேமராவை அனுப்பிப் பார்த்துவிடுவோம்.

அன்று காலை ஐந்து மணிக்கு நானே தனியாக ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற நம் காட்டில் பெட்ஷீட்டை விரித்தேன். கையுறை போட்டுப் பலூனை எடுத்து வைத்தேன். முட்டைத் தராசில் வைத்துப் பெட்டி எடைக்குச் சரிபார்த்த தண்ணீர் பாட்டிலைப் பலூன் கழுத்தில் கட்டி, பாட்டிலைத் தூக்குகிற அளவுக்கு ஹீலியம் அடைத்தேன். பலூன் ஆள் உயரத்துக்கு மேல் வந்ததும் காற்று திரும்பி என்னையும் சேர்த்து இழுத்தது. "அய்யோ" என்றேன். பின்னாலிருந்து ரெண்டு கை வந்து பலூன் கழுத்தைப் பிடித்தது. உங்கள் தம்பி. மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு பிடித்தார். முட்டை நாலையும் கொதிக்கக் கொதிக்க எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி, உங்கள் பழைய சிவப்புச் சேலையில் கிழித்த துணியில் சுற்றிப் பேட்டரியோடு வைத்து மூடி, பாட்டிலை அவிழ்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். கையை எடுத்ததும் போய்விட்டது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், கடுகளவாகி மறைகிற வரைக்கும்.

"ஒத்தப் பொம்பள அத்தன தூரம் வண்டி ஓட்டிக்கிட்டுப் போவியா?" என்று முனகிக்கொண்டே அவரே காரை எடுத்தார். ஆத்தூர் ரோட்டுப் பக்கம் விழும் என்று கணக்கு வந்திருந்ததால் அயோத்தியாப்பட்டணம் போய் ஒரு டீக்கடையில் காத்திருந்தோம். ஜிபிஎஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. பெட்டி போனால் போகட்டும், அந்தப் படம் போனால் நான் உங்கள் தம்பிக்கு எதைக் காட்டுவேன்?

பத்தரைக்குப் போன் வந்தது. பெட்டியில் எழுதிய நம்பரைப் பார்த்துக் கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து செல்வி என்று ஒரு பெண் பேசினாள். அவர்கள் மரவள்ளிக் காட்டில் கிடக்கிறதாம். குரலில் நடுக்கம். "பொழுதோட வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நமக்குப் பொழுதோட என்றால் என்ன? சாயங்காலம். காட்டு வேலை முடித்து ஆள் வந்த பிறகு வரச் சொல்கிறார்கள் போல என்று நாங்களும் நிம்மதியாக ஆத்தூர் போய்ச் சாப்பிட்டோம். உங்கள் தம்பி காரிலேயே ஒரு தூக்கம்கூடப் போட்டார். ஐந்தரைக்குப் போய் இறங்கினால் காட்டில் பத்துப் பேர் நிற்கிறார்கள். நடுவில் நம் பெட்டி. அதைச் சுற்றி வேப்பிலை, ஒரு தேங்காய்த் தொட்டியில் கற்பூரம். ஒருவர் கையில் மண்ணெண்ணெய் கேன்.

"எப்ப வரச் சொன்னோம், எப்ப வரீங்க?" என்று செல்வியின் புருசன் சத்தம் போட்டார்.

"பொழுதோடன்னு சொன்னீங்க, பொழுதோட வந்துட்டமுங்களே" என்றார் உங்கள் தம்பி.

"பொழுதோடன்னா பொழுது இருக்கும்போதே வரணும். பொழுது சாஞ்சப்பறம் வந்து நிக்கறீங்க! இருட்டறதுக்குள்ள கொளுத்திடணும்னு சாமியாடி சொல்லிட்டாரு."

நாற்பது ஐம்பது மைல் கிழக்கே வந்தால் ஒரு வார்த்தை இப்படியா குப்புற விழும்? அதற்கு மேல்தான் விசயமே விளங்கியது. மேலேயிருந்து ஒரு பெட்டி விழுகிறது. திறந்து பார்த்தால் சிவப்புத் துணி, துணிக்குள் நாலு முட்டை, பக்கத்தில் கண் மாதிரி முழிக்கிற ஒரு கறுப்புக் கண்ணாடி. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை நங்கையா. நானாக இருந்தாலும் செய்வினை என்றுதான் நினைத்திருப்பேன். சூட்டுக்கு முட்டை வைக்கத் தெரிந்த நமக்கு, சிவப்புத் துணியில் சுற்றக்கூடாது என்று தோன்றவில்லை பாருங்கள்!

விளக்கிச் சொன்னேன். பேட்டரி, குளிர், கேமரா என்று என்னென்னவோ சொன்னேன். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. "ஆத்தா, தொடாத! வாரிசு விளங்காது" என்றார் ஒருவர். கேன்காரர் மூடியைத் திருகினார். திரும்பிப் பார்த்தால் உங்கள் தம்பி கைகட்டி நிற்கிறார், முகம் வெளுத்திருக்கிறது. இவரும் பயப்படுகிறார் என்று தெரிந்ததும் எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வேப்பிலையைத் தாண்டி உள்ளே போனேன். துணியைப் பிரித்தேன். ஒரு முட்டையை எடுத்துப் பெட்டி மேல் தட்டி, தோலை உரித்து, அத்தனை பேரும் பார்க்கக் கடித்தேன்.

சவ்வு சவ்வென்று ரப்பர் மாதிரி இருந்தது. முழுங்கினேன்.

"உப்பிருந்தாக் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

செல்விதான் முதலில் சிரித்தாள். பயத்தில் வந்த சிரிப்போ என்னவோ, அடக்க முடியாமல் சிரித்தாள். ஓடிப்போய் உள்ளங்கையில் உப்பு கொண்டுவந்தாள். அதற்குள் உங்கள் தம்பி வேப்பிலையைத் தாண்டி என் பக்கத்தில் வந்து குந்திவிட்டார். "எனக்கொண்ணு உரிச்சுக் குடு" என்றார். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். முழுசாகத் தின்றார். கேன்காரர் மூடியைத் திரும்பத் திருகி ஓரமாக வைத்துவிட்டு, "என்னா ருசிங்க?" என்று கேட்டார். மீதி ரெண்டையும் அவர்களே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அங்கேயே கார் பேனட்டின் மேல் லேப்டாப்பை வைத்துக் கேமரா கார்டைச் செருகினேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். நம் ஷெட்டு தெரிந்தது, அப்புறம் மலை, அப்புறம் மேகத்தின் முதுகு. நீலம் கருநீலம் ஆயிற்று. போன தடவை நின்ற இடம் வந்தது. நிற்கவில்லை. கறுத்துவிட்டது, நங்கையா! காலை வெயில் பளீரென்று அடிக்கிறது, கீழே பூமி வளைந்து கிடக்கிறது, மேலே வானம் அடுப்புக்கரிபோல் கறுப்பு. நீங்கள் சொன்ன அதே கறுப்பு. நான் வாய்விட்டு அழுதேன். இதைப் பார்க்காமல் போக உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

திரும்பி வரும்போதும் உங்கள் தம்பிதான் ஓட்டினார். சேலம் தாண்டும்போது காரை ஓரம் கட்டினார்.

"அங்க ஆருமே இல்லியே பூங்கொடி."

"இல்லீங்க."

"அப்ப அக்காள ஆரு எடுத்தது?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஆறு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் சொன்னதையும், தீவனத் தூசி, துணி கட்டிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதையும். பலூன் மேல் பழி விழுந்தபோது என் உள்மனசில் ஒரு மூலை நிம்மதிகூடப் பட்டது, என்னை யாரும் கேட்கவில்லையே என்று. ஏன் நங்கையா உங்களை அன்றைக்கே இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் போனேன்?

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எனக்கும் மூச்சு வாங்குது" என்றார். "தைப் பொங்கல்ல இருந்து. மூட்ட தூக்குனா இங்க பிடிக்குது. எழுதுனது எழுதுனபடிதான நடக்கும்னு சொல்லல."

காரை வீட்டுக்கு விடவில்லை. சாவியை நான் வாங்கிக்கொண்டு நேரே சேலத்து ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன். அடைப்பு ரெண்டு இடத்தில். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்றார் டாக்டர். ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இப்போது உள் அறையில் படுத்துக்கொண்டு, உப்பில்லாத கஞ்சி ஊற்றுகிறேன் என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். கேட்கக் கேட்க நன்றாக இருக்கிறது.

உங்கள் சின்னம்மா பார்க்க வந்தார். படத்தைக் காட்டினேன். ரெண்டு தரம் பார்த்துவிட்டு, "அவன் இன்னும் மேல இருப்பான்" என்றார். இருக்கட்டும். பெரிய பலூன் கிடைக்கிறது, அதையும் பார்த்துவிடலாம்.

உங்களை விட்டுவிட்டேன் நங்கையா, அது என் ஆயுசுக்கும் ஆறாது. ஆனால் உங்கள் தம்பியை விடமாட்டேன். விதி என்று வந்தாலும், எழுத்து என்று வந்தாலும், மேலே இருக்கிறவன் தானே இறங்கி வந்து வாசலில் நின்று கேட்டாலும், முதலில் டாக்டர் சீட்டைக் காட்டு என்று கேட்பேன். கொடுக்கமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் தம்பியை இன்னும் கையில் பிடித்திருக்கிற,
உங்கள் தம்பி பொண்டாட்டி
பூங்கொடி