ஹாஜரின் ஒட்டியாணம்

என் வீட்டுக்காரர் அப்துஸ்ஸலாமுக்கு, ரஹ்மாவின் சலாம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறித்துப் பறித்து என் விரல்கள் சிவந்ததைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை.

என்னோடு பறிக்கும் ஸினெபின் மகளுக்குப் போன வாரம் ஊரில் கல்யாணம். ஒட்டியாணம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். விருந்து நடக்கும்போதே, வாடகை நேரம் முடிந்ததென்று அலங்காரக்காரி வந்து பெண்ணின் இடுப்பிலிருந்து கழற்றிக்கொண்டாளாம்.

"மருமகளையும் நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணுமா?" என்று மாமியார் கேட்டாளாம். ஸினெப் அழுதுகொண்டே இருக்கிறாள்.

நீங்கள் காளையை விற்று எனக்குப் போட்ட தங்க ஒட்டியாணத்தை நம் பேத்தி ஹாஜருக்குத்தானே வைத்திருந்தேன்? அதை என்ன செய்யலாமென்று போனில் அவளிடமே கேட்டேன்.

"கல்யாணத்தன்னிக்கு மட்டும் கட்டிக்கிறேன் பாட்டி. மத்த நாளெல்லாம் ஊர்ப் பொண்ணுங்க கல்யாணத்துக்குக் கட்டிக்கட்டும். பெட்டிக்கா கல்யாணம்?" என்றாள்.

ஐந்தாவதோடு நின்ற எனக்கு இப்படியொரு பேத்தி!

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்குச் சம்மதமென்றால் ஒட்டியாணத்தைப் பள்ளிவாசலில் ஒப்படையுங்கள். எந்தப் பெண்ணிடமும் வாடகை வாங்கக் கூடாது.

எனக்கு உங்கள் பழைய கம்பளிச் சட்டையை மட்டும் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். தோட்டத்து வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் ரஹ்மா