இரண்டாள் சோறு

4 பிப்ரவரி 1974, திங்கள்
இன்றும் மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. இந்த மலையாளத்து ஊரில், சாலைக் கடைத்தெருவில் கீழே எங்கள் அரிசி மண்டி, மேலே நான். ஏறி வர நேரமில்லையாம், டீயும் பன்னும் போதுமாம். அவர் பங்கையும் நானே தின்றேன். சோற்றை வீணாக்கக் கூடாதே என்று வருடக்கணக்கில் இப்படித்தான். மூட்டையைப் பார்த்தே அரைக் கிலோ குறைவு என்பவர், என்னை என்றைக்குப் பார்த்தார்?

12 பிப்ரவரி
முட்டிவலி பொறுக்கவில்லை. மாடிப்படிக் கயிற்றைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கி, ரிக்‌ஷாவில் லேடி டாக்டரிடம் போனேன். "தடி கொறைக்கணும் கேட்டோ. இல்லெங்கில் இனி படி எறங்கான் பற்றில்லா." தடி என்றால் பருமன். மலையாளத்தில் சொன்னாலும் உறைக்கத்தான் செய்கிறது. படி இறங்க முடியாமல் போனால் — பஸ் ஏறிப் போகவேண்டிய வித்துராவில் இருக்கிற பொன்னம்மை அக்காவை எப்படிப் பார்ப்பேன்? பேச எனக்கு அவளை விட்டால் யார்?

13 பிப்ரவரி
ஒருவருக்கு மட்டும் அரிசி களைந்தேன். அவர் வந்தால் வடித்துக்கொள்ளலாம். வரவில்லை. அழுகை வந்தது. பசிதானா?

2 ஏப்ரல்
சாயங்காலம் மொட்டைமாடியில் நடக்கிறேன். முதலில் மூச்சு இரைத்தது. இப்போது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே நடக்கிறேன். படுத்தால் தூக்கம் வருகிறது. காலையில் எழுந்திருக்கப் பிடிக்கிறது, அதுதான் ஆச்சரியம்.

9 ஜூலை
ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைத்தாயிற்று. பாதியாளாகி எதிரில் நிற்கிறேன். "கொழம்புல உப்பு கொறவு" என்கிறார். உப்பு மட்டும்தான் குறைந்ததாம்!

21 ஆகஸ்ட், புதன்
போய்விட்டு வந்தேன்! வித்துராவுக்கு, பஸ்ஸில், தனியாக. கயிற்றைத் தொடாமல் படி இறங்கினேன். அக்கா வாசலிலேயே அழுதுவிட்டாள்.
"ஏட்டி செம்பகம், சீக்கா கெடந்தியா? ஒரு காயிதம் போடப்பிடாதா?"
"சீக்கு போயிட்டுக்கா" என்றேன்.
தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, கை ஊன்றாமல் எழுந்தேன். வாயைப் பிளந்தாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு! கடை அடைக்குமுன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

22 ஆகஸ்ட்
சாப்பிடும்போது அவராகவே பேசினார். "எதுத்த கட மைதீன் உன்னய நேத்து பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்னு சொல்லுகான். அவ மாடிய விட்டு எறங்கவே மாட்டாளே, அது வேற எவளோன்னு சொல்லி அனுப்பிட்டேன்."
நிமிராமலே மோர் கேட்டார்.
சொல்ல வாயெடுத்தேன். மோரை ஊற்றினேன்.
வருகிற புதன்கிழமையும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.