பத்துக்குப் பத்து

செப்டம்பர் 3

பட்டாணி மறுபடியும் பத்துக்குப் பத்து.

முப்பது வருடம் கணக்கு நடத்தியவளுக்குச் சந்தோஷம்தான் வரவேண்டும். வரவில்லை. சிறப்புக் குழந்தைகள் வகுப்பிலேயே சின்னவள், அதனால்தான் பட்டாணி என்று கூப்பிடுகிறோம். போன மாதம் ஐந்து பட்டன்களை எண்ணத் திணறியவள். நான் செய்துகொடுத்த மரவிளையாட்டில் மட்டும் எப்படி? ஒரு கட்டையில் 3+4. அதை ஒட்டி 7 எழுதிய கட்டையை வைக்கவேண்டும். வடிவத்தைப் பார்த்து வைத்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் ஒரே அளவில்தான் அறுத்தேன். பின்னே?

செப்டம்பர் 5

மருமகள்: "அத்தே, சோபா பூரா மரத்தூள். இது வீடா, மரக்கடையா?"

செப்டம்பர் 8

வகுப்பு உதவியாளர் மேல்தான் எனக்குக் கண். பட்டாணி கட்டையை எடுக்கும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அவளுடைய சாவிக்கொத்து குலுங்குகிறது. இன்று எண்ணினேன் – பத்தில் ஆறு முறை. ஜாடையா? பட்டாணி என்றால் அவளுக்கு உயிர். 22ஆம் தேதி தலைமையாசிரியை பார்க்க வருகிறார். அன்றைக்குச் சரியாகச் செய்தால் பட்டாணிக்குக் கணக்குப் பாடம் இனிப் பொது வகுப்பில். வராத கணக்கோடு அங்கே போனால்? நீச்சல் தெரியாத பிள்ளையைக் கைதட்டி ஆழத்தில் இறக்கிவிடுவது மாதிரி.

செப்டம்பர் 11

தலைமையாசிரியையிடம் என் சந்தேகத்தைச் சொல்லிவிட்டேன். சொன்னபிறகு வாயெல்லாம் கசப்பு.

செப்டம்பர் 12

உதவியாளர் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"நான் ஜாடை காட்டுறேன்னு சொன்னீங்களாமே டீச்சர்? அவளுக்கு மூக்கு தொடைச்சு விட்டிருக்கேன், சோறு ஊட்டியிருக்கேன். விடை ஊட்டுனதில்ல. இந்தா, வெளியவே நிக்கிறேன்."

நின்றாள். கதவைச் சாத்தினேன்.

பத்துக்குப் பத்து.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். சீ, என்ன புத்தி இது!

செப்டம்பர் 15

அவள் இல்லையென்றால் நானா? என் கண் விடைமேல் போய் நிற்கிறதோ? கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதும் பத்துக்குப் பத்து.

செப்டம்பர் 17

சீக்கிரமே போய்விட்டேன். பட்டாணி தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். கட்டைகள் அத்தனையும் கவிழ்ந்து கிடந்தன. ஓர் எண்கூடக் கண்ணில் படவில்லை. அப்படியே ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஜோடியிலும் விரலால் ஒரு கோட்டைத் தடவி, அடுத்த கட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

புரட்டினேன். 3+4, 7. 2+6, 8. எல்லாம் சரி.

மரத்தின் ரேகை! ஒரே மரத்துண்டில் கேள்வியையும் விடையையும் எழுதி நடுவில் அறுத்தது யார்? நான்தானே? நான் அறுத்த மரம் இத்தனை நாளும் விடை சொல்லிக்கொடுத்திருக்கிறது. நானோ ஆளை ஊரெல்லாம் தேடினேன்.

செப்டம்பர் 19

புதுக் கட்டைகள், விடைகள் மட்டும் வேறு பலகையில். துடைப்பத்தோடு வந்த மருமகள், விஷயத்தைக் கேட்டதும் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

பட்டாணிக்குப் பத்துக்கு ஒன்று. அதுவும் குருட்டாம்போக்கில். ரேகை அறுந்த இடத்தில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத வரவில்லை.

செப்டம்பர் 20

உதவியாளரையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். தப்பு என்னுடையது என்றேன். பொது வகுப்பு இப்போதைக்கு இல்லை. திரும்பும்போது உதவியாளரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"இருபது சாவி டீச்சர். மூச்சு விட்டாலே குலுங்கும்," என்றாள். சிரிக்கவில்லை.

அக்டோபர் 14

3+4. பட்டாணி ரேகையைத் தேடவில்லை. பட்டன் டப்பாவை இழுத்தாள். மூன்று தனியாக, நான்கு தனியாக. பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டு, உதடு அசைய, முதலிலிருந்து. 7ஐ எடுத்தாள்.

பழக்கதோஷம் – என் கண் உதவியாளரிடம் போனது. சாவிக்கொத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பத்துக்கு மூன்று.