மேலத் தெருவுக்கு வராத தமுக்கு

மாசி 4, செவ்வாய்

காலையில் நல்ல பனி. ஏரிக்கரையே தெரியவில்லை. கச்சேரி மேசையில் மை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். குடைக்குக் கம்பி.

தபாலில் கவர்னர் உத்தரவு. பிரெஞ்சில் ஒரு தாள். அதைத் தமிழில் எழுதி ஊருக்குச் சொல்வது, கொம்யூன் என்கிற ஊராட்சியில் தலைவர் மேருக்குக் கீழே ரைட்டரான என் வேலை. சிறுத்தை, மான் சுடக் கூடாது. ஏரியில் கூடு கட்டும் நாரை, கொக்கு, நீர்க்காகம் எதையும் ஆடி முடியும்வரை தொடக் கூடாது. மீறினால் சிறை, துப்பாக்கி பறிமுதல்.

துப்பாக்கி பறிமுதல். இந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

மேலத் தெரு மிராசுதார். பெயர் வேண்டாம், மி. போதும். அவன் கூடத்தில் ஒரு சிறுத்தைத் தோல் தொங்குகிறது. ஆறு வருஷம் முன் முந்திரிக் காட்டில் சுட்டது. அன்று காடு கலைக்கப் போனவர்களில் என் தம்பி ஏழுமலையும் ஒருவன். அவன் துப்பாக்கியிலிருந்து சிதறிய ரவை ஒன்று தம்பியின் வலது கண்ணில். மி. செத்த சிறுத்தையோடு போட்டோ எடுத்துக்கொண்டான். தம்பியை வந்து பார்க்கவில்லை. "குறுக்க வந்தா நா இன்னா பண்றது?" என்றானாம்.

தம்பி இன்றும் அவன் மாட்டுக் கொட்டகையில்தான். வேலையும் அங்கே, படுக்கையும் அங்கே. கோபமே வராத ஜென்மம். இரண்டு பேர் கோபத்தையும் நானே வைத்திருக்கிறேன்.

அந்தத் துப்பாக்கி அவன் கையை விட்டுப் போக வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும்.

மாசி 5, புதன்

தமுக்கு அடிக்கும் முனியன் வந்தான். கச்சேரிக் கதவில் ஒட்டினால் எவன் படிக்கிறான்? தமுக்கு அடித்தால்தான் எங்கள் ஊரில் சட்டம். தெருக்களின் பெயரைப் படித்துக் காட்டினேன். கீழத் தெரு, செட்டித் தெரு, பள்ளிவாசல் தெரு, குளத்தங்கரை.

"மேலத் தெருவ வுட்டுட்டீங்களே ரைட்டரே?"

"அங்க மேரோட ஆளே போய் சொல்லிட்டாருபா. நீ போவாத."

பொய். நாக்கு கூசக்கூட இல்லை. ஞாயிறன்று மி. வீட்டுக்குப் புதுச்சேரி விருந்தாளி, பறவை வேட்டை. அவனிடம் நின்று பேச ஊரில் எவனுக்கும் தைரியம் கிடையாது. உத்தரவு தெரியாமலே போகட்டும். கையும் களவுமாக மாட்டட்டும். யாராவது கேட்டால் தமுக்கு போட்டாச்சு என்று சொல்லிக்கொள்ளலாம்.

மாசி 6, வியாழன்

மத்தியானம் தம்பி வந்தான். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டான். உத்தரவைச் சொல்லிவிடலாமா? ஓட்டை வாய். இங்கே சொன்னால் அடுத்த நிமிஷம் மி. காதில்.

"இன்னாண்ணா, என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கற?"

சொல்லவில்லை.

மாசி 7, வெள்ளி

போலீஸ் சிப்பாய் ஸ்டேஷனுக்கு மொட்டைக் கடிதாசி. இடது கையால் எழுதினேன். ஞாயிறு காலை, ஏரி, கிழக்கு மதகு. பாகூர் போகிறவனிடம் மை வாங்கி வரச் சொன்னேன்.

மாசி 9, ஞாயிறு

ஏழு மணியிலிருந்து வெடிச் சத்தம். எண்ணினேன், பதினொன்று. ஒவ்வொரு வெடிக்கும் மனசு ஒரு குதி குதித்தது. கொக்குக் கூட்டம் மொத்தமும் எழும்பி எங்கள் கூரைக்கு மேலே போயிற்று. போங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு முனியன் ஓடி வந்தான். "சிப்பாய்ங்க புடிச்சிட்டாங்க ரைட்டரே!"

"மிராசுதாரயா?"

"ஒங்க தம்பிய."

மி.யும் விருந்தாளியும் முன்னாலேயே வண்டி ஏறிவிட்டார்கள். சுட்டு விழுந்ததைப் பொறுக்கத் தம்பி மார்பளவுத் தண்ணீரில். கையில் ஆறு நாரை. கரையில் அவனை நம்பி விட்டுப் போன அதே துப்பாக்கி. யார் சுட்டது என்று கேட்டதற்கு, "நாந்தான்" என்றானாம். சோறு போடுகிறவனைக் காட்டிக்கொடுக்க மாட்டான். வலது கண் இல்லாதவன் குறி பார்த்து ஆறு நாரை! சிப்பாய்க்கே சிரிப்பு. ஆனாலும் எழுதிக்கொண்டார்.

ஸ்டேஷனில் பார்த்தேன். ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

"சுடக் கூடாதுன்னு சத்தியமா தெரியாதுண்ணா. எங்க தெருவுல தமுக்கே அடிக்கல. அடிச்சிருந்தா நா தண்ணில எறங்கியே இருக்கமாட்டேன்."

ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மாசி 10, திங்கள்

மேர் முன்னால் விசாரணை. தம்பி, மி., சிப்பாய், முனியன், நான்.

"மேலத் தெருவுல தமுக்கு போட்டாச்சா?" மேர் கேட்டார். முனியன் என்னைப் பார்த்தான்.

போட்டாச்சு என்றால் துப்பாக்கி சர்க்காருக்கு, தம்பி சிறைக்கு. இல்லை என்றால் இரண்டும் மேலத் தெருவுக்கே. மி. மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்த்ததும் 'போட்டாச்சு' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இது என் நோட்டு, மறைக்க மாட்டேன். வந்தது.

"இல்லீங்க. நாந்தான் வாணாம்னு சொன்னேன்."

என் வேலை போயிற்று. தமுக்கு போடாத தெருவில் உத்தரவு செல்லாதென்று கேஸை மூடிவிட்டார்கள். துப்பாக்கி உடையவனிடமே.

வாசலில் மி. என் தோளைத் தட்டினான். ஆறு வருஷத்தில் முதல் பேச்சு. "நல்லா இருப்ப ரைட்டரே. ஒன்னாலதான் துப்பாக்கி தப்பிச்சுது."

தம்பி துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பின்னால் நடந்தான். தம்பிக்கு வலப்பக்கமாக நான் நின்றிருந்தேன். என்னைப் பார்க்காமலே போனான்.